அம்மாவின் கல்வெட்டில் ஒரு பக்கம்

அம்மா லண்டனில் காலமான முப்பத்தோராம் நாளுக்கு ஒரு புத்தகம் அடிக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தார் அதைக் கல்வெட்டு என்பார்கள். இருபது பக்கத்துக்குள் அடங்கும் மெல்லிய புத்தகம்தான். அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். உள்ளே அவர் பிறந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள் என்று வரலாறு. பிறகு இறந்த மாதத்தையும் திதியையும் சொல்லும் வெண்பா. அதற்கும் பிறகு பிள்ளைகள் புலம்பல், பேரர் புலம்பல், சுற்றத்தார் புலம்பல். அந்தியேட்டி என்கிற அந்த முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் ஒருவர் அதைச் சபையில் இராகத்தோடு வாசிப்பார். சாப்பிட்டு முடித்து வெளிக்கிடுகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டு போவார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினொரு வயதில் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு பேக்கரியில் மாப் பிசையத் தொடங்கினேன். லண்டனிலும் பாண் தொழிற்சாலையில்தான் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கோயிலில் யாராவது தேவாரம் படிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், பூசை முடியும் நேரம் பார்த்துச் சப்பாத்து வைத்த இடத்துக்குப் போய்விடுவேன். அதனால் கல்வெட்டு வேலையை மாமாவே பொறுப்பெடுத்தார். அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் அரசாங்கக் கிளார்க்காக இருந்தவர். எங்களுக்கு முன்பே லண்டனுக்கு வந்து, விம்பிள்டனில் நாலு பேர் மதிக்க வாழ்ந்தவர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களை இங்கே எடுப்பித்தவரும் அவர்தான்.

ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றி அம்மா என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமை. நான் வேலை முடிந்து மத்தியானம் போயிருந்தேன். மற்றக் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொப்பற்றை திதி தெரியுமே?" என்றார் அம்மா.

"ஐயாவின்ரை திதியோ? ஆடி அமாவாசை தானேயம்மா."

"அது கொம்மான், என்ரை தம்பி வைச்ச திதி. வைகாசி, வளர்பிறை அட்டமி. அதுதான் உண்மை. என்ரை புத்தகத்தில அதைப் போடு. அவர் என்னெண்டு செத்தவர் எண்டதையும் போடு. காய்ச்சல் எண்டு போட்டியோ, நான் உன்னை விடமாட்டன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்த மனிசனையும் போடு" என்றார்.

நான் ஓம் என்றேன். அவர் கேட்டு நான் ஓம் சொன்ன கடைசி விசயம் அது.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒவ்வொரு வருடமும் வைகாசியில் ஒரு நாள் அம்மா ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு, பகலில் சமைத்து, யாரையும் கூப்பிடாமல் ஒரு வாழையிலை போடுவார். லண்டனில் இலை கிடைக்காத வருடங்களில் வெள்ளித் தட்டு. கேட்டால், "அம்மனுக்கு விரதம்" என்பார். முப்பது வருடத்துக்கு மேலாக அதை நான் நம்பியிருந்தேன். ஆடி அமாவாசைக்கு நானும் மாமாவும் குளித்து ஐயருக்குத் தட்சிணை கொடுத்துச் செய்த திவசம் பிழையான நாளில் செய்த திவசம்.

ஐயா எப்படிச் செத்தார் என்பது எனக்குத் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது.

வெள்ளைக்காரன் போகப்போகிற காலத்தில், கிழக்கே ஒரு பெரிய குளத்தைத் திருத்தி, காடு வெட்டி, வயல் பிரித்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணிகூட இல்லாத ஐயா அங்கே போனார். ராசாவின் முடிச் சின்னம் பொறித்த காணிப் பத்திரம் ஒன்று வைத்திருந்தார். அதே முடி இங்கே தபால் பெட்டியிலும் இருக்கிறது. எங்கள் வாய்க்காலின் இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு. அந்தப் பக்கம் சிங்களக் குடும்பங்கள். வெள்ளைக்காரன் இருக்கும் வரைக்கும் காணி ராசாவுடையது, எங்களிடம் அந்தப் பத்திரத் துண்டு இருந்தால் போதும். அவன் போனபின், காணி ஆருடையது என்ற கேள்வி வந்தது. முதலில் தேநீர்க் கடையில் வந்தது. பிறகு தண்ணீர் முறையில் வந்தது. பத்து வருடம் கழித்து லொறியில் வந்தது.

பகல் இரண்டு மணி இருக்கும். ஐயா மதகடியில் நின்றார். லொறிச் சத்தம் கேட்டதும் அவர் வீட்டுப் பக்கம் ஓடி வரவில்லை. வாய்க்கால் வரம்பால் மற்றவர்களுக்குச் சொல்ல ஓடினார். அம்மா என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்தார். அந்தப் பக்கத்து முதல் வளவில் இருந்த சிங்களவர்தான் அம்மா போடச் சொன்ன மனிதர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்களைத் தன் நெல்லுக் களஞ்சியத்துக்குள் தள்ளி, மேலே சாக்குகளைப் போட்டார். பிறகு வாசலில் குந்தியிருந்து வெற்றிலை இடித்தார். அந்த உரல் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. லொறியில் வந்த சிங்களக் காடையர் கத்திகளோடு வந்து எங்களைக் கேட்டார்கள். "குளக்கட்டால ஓடிட்டாங்கள், எனக்கு வேற வேலை இல்லையோ" என்று சிங்களத்தில் ஏசினார். எனக்குச் சிங்களம் விளங்கும். அவருடைய பிள்ளைகளோடு விளையாடிப் பழகியது.

அவர் பொய்க்குச் சொன்ன குளக்கட்டில்தான் ஐயாவும் இன்னும் எட்டுப் பேரும் உண்மையாகவே நின்றிருக்கிறார்கள். ஒன்பது பேரையும் அங்கேயே வெட்டினார்கள். அவருக்கு அது தெரியாது. அம்மா அவரை ஒருநாளும் அதற்காகக் குறை சொன்னதில்லை.

அடுத்த நாள் அவரே எங்களை மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் வைத்துப் பெரிய றோட்டுக்குக் கொண்டுவந்து பொலிசாரிடம் விட்டார். நாங்கள் யாழ்ப்பாணத்தில் அகதி முகாமுக்கு வந்தபோது மாமா அங்கே நின்றார். அம்மா அழுது முடிக்கும் வரைக்கும் நின்றார். பிறகு எங்கேயோ போய், ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்து, "அக்கா, ஆரும் கேட்டால் அத்தான் காய்ச்சலில மோசம் போனவர் எண்டு சொல்லு" என்றார். வெட்டுப்பட்டுச் செத்தால் எங்கள் பக்கத்தில் துர்மரணம் என்பார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். தங்கைக்கு அப்போது ஆறு வயது. மாமாவுக்குக் கொழும்பில் உத்தியோகம், பக்கத்து மேசையில் சிங்களவர். அவருடைய கணக்கு அவருக்கு. காய்ச்சல் என்றே சொன்னோம். தங்கை கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போனாள். அவளுடைய மாப்பிள்ளை வீட்டாரும் காய்ச்சல் என்றே அன்று வரை நினைத்திருந்தார்கள்.

கல்வெட்டுப் பாடுகிற வாத்தியார் ஆர்ச்வேயில் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். லண்டனில் செத்த யாழ்ப்பாணத்தாரில் பாதிப் பேருக்கு அவர்தான் பாடினவர். எல்லாருக்கும் ஒரே புலம்பல், பெயரும் ஊரும் மட்டும் மாறும். ஒருமுறை கலியாணமே கட்டாத மனிதர் ஒருவருக்குப் பேரப்பிள்ளைகள் புலம்பியதும் உண்டு. மாமாவிடம் சொல்லாமல் நோர்தேர்ன் லைன் ரயில் பிடித்து அவரிடம் போனேன். வாசல் மணியை அடிக்க முன் தெருவை இரண்டு தரம் சுற்றினேன்.

சொல்ல வேண்டியதை ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாத்தியார் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு கழற்றினார்.

"தம்பி, திதிக்கு நான் வெண்பா பாடித் தாறன். வைகாசி, அட்டமி, எல்லாம் வரும். இந்த வெட்டுக் கொத்து வேண்டாம்."

"அம்மா சொன்னவ, வாத்தியார்."

"கொலை எண்ட சொல்லு வெண்பாவுக்குள்ள நிக்கும் தம்பி. சபைக்குள்ள நிக்காது. நான் இதை எப்பிடி இராகமெடுத்துப் படிக்கிறது?"

"அப்ப நானே எழுதிறன்."

"நீரோ?" என்றார். சிரிக்கவில்லை. தாளை மடித்து என் கையில் திருப்பித் தந்தார்.

ஆறு நாள் எடுத்தது. விடியற்காலை வேலை, மத்தியானம் முடிந்து வந்து குசினி மேசையில் இருப்பேன். பாண் தொழிற்சாலையில் நான் எழுதுவதெல்லாம் மாவின் நிறை, அடுப்பின் சூடு, என் கையெழுத்து, அவ்வளவுதான். ஒரு முழுப் பக்கம் எழுதுவது, அதுவும் ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் எழுதுவது, எனக்குப் புதிது. மனைவி சோறு போட்டுவிட்டுத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள்.

"என்னப்பா, நேற்றும் இதே வரிதானே?"

"நேற்று எழுதினது வெட்டியாச்சு. இது இண்டைக்கு எழுதினது."

"ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப சரியாத்தான் இருக்கு."

அந்தப் பக்கத்தில் ஐயாவின் பெயரையும் மற்ற எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதினேன். அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தபோது லொறி வந்தது என்பதை எழுதினேன். ஒருவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு எங்களை ஒளித்து வைத்த சிங்களவரின் பெயரை எழுதி, "அவர் இப்போது இருக்கிறாரோ தெரியாது, இருந்தால் இந்தக் குடும்பம் அவருக்குக் கடமைப்பட்டது" என்று முடித்தேன்.

அச்சகம் டூட்டிங்கில், ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால். அச்சகக்காரருக்கு முப்பது வயது இருக்கும். சுவர் முழுக்கக் கூட்டங்களின் சுவரொட்டிகள். என் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். முதற் பாதியில் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார்.

"அண்ணை, இது நல்லாயிருக்கு. உலகத்துக்குத் தெரியவேணும். ஆனால் இந்தக் கடைசிப் பந்தியை எடுப்பம்."

"ஏன்?"

"இப்ப அங்க சனம் செத்துக்கொண்டிருக்குது. நீங்கள் சிங்களவன் காப்பாத்தினவன் எண்டு எழுதிறியள். ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"அவர் சாக்கை எடுத்து எங்களுக்கு மேல போடாட்டி நான் இப்ப உம்மட கடைக்கு வந்திருக்க மாட்டன் தம்பி."

"ஒராள்தானே அண்ணை."

"நாங்கள் மூண்டு பேர் உயிரோட வந்தம். போடும்."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றேன். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன்.

அச்சகக்காரர் மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் மாமா வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை.

"என்னடா, எழுத்தாளராகிட்டீராம்?"

"இல்லை மாமா."

"செத்தவீட்டுப் புத்தகத்தில ஆரும் கொலைக்கேஸ் எழுதுவினமோ? முப்பது வருசமாக் கட்டிக் காத்த கதை. உன்ரை தங்கச்சியின்ரை சம்பந்தி ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"அவளுக்கு ரெண்டு பிள்ளையள் பிறந்திட்டுது மாமா. இனி ஆர் வந்து பெண் கேக்கப் போகினம்?"

"வாய் வளர்ந்திட்டுது." என் மனைவியைப் பார்த்து, "நீயும் கேட்டுக்கொண்டு நிக்கிறாய் பிள்ளை" என்றார்.

"நான் ஆறு நாளாக் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன் மாமா" என்றாள் அவள்.

"இதைப் போட்டால் நான் அந்தியேட்டிக்கு வரமாட்டன். கூடப்பிறந்த தம்பி வராத அந்தியேட்டி எண்டு ஊர் சிரிக்கட்டும்."

அந்த மனிதர் இல்லாவிட்டால் நாங்கள் அகதி முகாமில் கிடந்திருப்போம். லண்டனையும் கண்டிருக்க மாட்டோம். அதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. மறக்காமல்தான் சொன்னேன்: "வாறதெண்டால் வாங்கோ மாமா. வராட்டி விடுங்கோ. பக்கம் இருக்கும்."

அவர் கதவைச் சாத்தாமல் போனார்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் மத்தியானம் புத்தகங்கள் வந்தன. நூற்றைம்பது பிரதி, இரண்டு பெட்டி. திறந்து பார்த்தேன். அம்மாவின் படம் நன்றாக வந்திருந்தது. வரலாறு இருந்தது. "கணவர் காய்ச்சலினால் இளவயதில் இறைவனடி சேர" என்று அதில் இருந்தது. வாத்தியாரின் வெண்பா அம்மாவுக்கு மட்டும். ஐயாவின் திதி இல்லை. என் பக்கம் இல்லவே இல்லை. அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "மாமா சொன்னவர் அண்ணை, நீங்களும் சம்மதமாம் எண்டு" என்றார் அச்சகக்காரர்.

நான் கத்தவில்லை. கத்தத் தெரியாது. என் கொப்பித் தாளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே காசு போட்டால் பிரதி எடுக்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. ஐயாவின் திதியைப் பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதி, நூற்றைம்பது தரம் எடுத்தேன். எனக்குப் பின்னால் ஒரு மாணவி புத்தகத்தோடு நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மாவின் நிறை எழுதுகிற அதே கோணல் கையெழுத்து, ஒவ்வொன்றாக அந்த இயந்திரத்திலிருந்து சூடாக வந்தது. வீட்டுக்கு வந்து நானும் மனைவியும் புத்தகங்களின் நடுவே ஒவ்வொரு தாளாக வைத்து ஸ்டேப்ளர் ஊசி அடித்தோம். காய்ச்சல் என்ற வரியை நான் பேனையால் வெட்டினேன். எல்லாப் புத்தகத்திலும்.

மண்டபம் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமானது, வாடகைக்கு எடுத்தது. காலையில் கிரியைகள் முடிந்து ஐயர் போய்விட்டார். சமையல் வாசனை அடித்தது. மாமா வந்திருந்தார். முன் வரிசையில், கோட்டோடு, என்னைப் பார்க்காமல் இருந்தார். வாத்தியார் எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். நல்ல குரல். பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. பேரர் புலம்பல் முடிந்து அடுத்த தாளைத் திருப்பினார். நின்றார். பக்கத்தை ஒருதரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இது என்ரை பாட்டில்லை" என்று சபைக்குச் சொன்னார். பிறகு புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். "எழுதினவர் படிக்கட்டும்."

அவர் அதை ஏளனமாகச் செய்தாரோ மரியாதையாகச் செய்தாரோ, எனக்கு இன்றும் தெரியாது. நான் எழும்பினேன். இராகம் எனக்கு வராது. வாய்ப்பாடு ஒப்புவிக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்தேன். வைகாசி, வளர்பிறை அட்டமி. லொறி. குளக்கட்டு.

"போதும்" என்றார் மாமா.

நான் வாசித்தேன்.

"போதும் எண்டு சொல்லுறன்."

பெயர்களை வாசித்தேன். ஒன்பது பெயர். பிறகு களஞ்சியம், சாக்கு, வெற்றிலை உரல். அந்தச் சிங்களவரின் பெயரைச் சொன்னபோது பின்னால் இரண்டு பேர் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பினார்கள். "சிங்களவனுக்கும் கல்வெட்டோ?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓம்" என்றேன். "அவர் இப்போது இருக்கிறாரோ தெரியாது" என்ற வரிக்கு வந்தேன்.

"இல்லை" என்றார் மாமா.

அவர் எழும்பி நின்றார். கோபத்தில்தான் நின்றார். "எழுதிறதெண்டால் சரியா எழுது. ஒன்பது இல்லை. பத்து."

மாமா சபையைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். "உங்களை முகாமில விட்டிட்டு நான் அங்க போனனான். அத்தானின்ரை உடம்பாவது கிடைக்குமோ எண்டு. பொலிஸ் ஜீப்பில. உங்களை றோட்டில கொண்டுவந்து விட்டு மூண்டாம் நாள் அந்த மனிசனை அவன்ரை வாசலிலேயே வெட்டியிருந்தாங்கள். ஒளிச்சு வைச்சதுக்கு. பெண்சாதி எனக்குத் தண்ணி தந்தவள். நான் குடிச்சன். அக்காட்டை இதைச் சொன்னால் அவள் அந்தப் பாவத்தையும் சுமப்பாள். ஆரும் இந்தக் கதையைக் கிளறாமல் இருக்கத்தான் காய்ச்சல் எண்டன். எல்லாத்துக்கும் காய்ச்சல்."

பிறகு அவர் இருந்தார். சாப்பிடவில்லை. என்னோடு அதற்குப் பிறகு அதிகம் கதைக்கவும் இல்லை.

நான் புத்தகப் பெட்டிகள் இருந்த மேசைக்குப் போனேன். அம்மாவுக்கு இது தெரியாமலே போய்விட்டது. தெரிந்திருந்தால் வைகாசியில் இரண்டு இலை போட்டிருப்பார். பேனையை எடுத்து முதற் புத்தகத்தைத் திறந்தேன். கடைசி வரியை வெட்டி, ஒன்பது பெயருக்குக் கீழே அந்தப் பெயரை எழுதினேன். வளர்பிறைப் பன்னிரண்டாம் நாள் என்று மாமாவின் கணக்குப்படி திதியும் எழுதினேன். பிறகு அடுத்த புத்தகம்.

சனம் சாப்பாட்டுத் தட்டுகளோடு வந்து வரிசையில் நின்றது. "எழுதாததைத் தாருங்கோ அண்ணை, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார் ஒருவர்.

"எழுதாதது இல்லை" என்றேன். "நில்லுங்கோ."

சிலர் நின்றார்கள். சிலர் வாங்காமல் போனார்கள். அச்சகக்காரர் வரிசையில் கடைசியாக நின்றார். அவருக்கும் எழுதிக் கொடுத்தேன்.